இரயில் ஜன்னலில் தவறவிட்ட ஊர்கள்

மே மாதம் நெருங்கும்போது தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் முதலாவது எழும்பும் கேள்வி, "டிக்கெட் கிடைத்துவிட்டதா?" என்பதே. பிறகு இரண்டு இரவு இரயில் பிரயாணம். புனே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று மஞ்சள் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் தோன்றி மறையும். பிள்ளைகளுக்குப் பால் வாங்கவும் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பவும் மட்டுமே அந்த நிலையங்கள் நமக்குப் பயன்பட்டன. முப்பது நாற்பது ஆண்டுகளாய்க் கடந்து சென்ற அந்த ஊர்களில் ஒன்றிலேனும் இறங்கி ஒரு நாள் தங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வேலையில் இருந்த காலத்தில் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. கிடைக்கும் விடுமுறை பதினைந்து நாள், மிஞ்சினால் இருபது நாள். அதற்குள் ஒரு திருமணம், ஒரு துக்க விசாரணை, ஊர்ச் சபையின் அசனம், பங்கு பிரியாத நிலத்தைப் பற்றிய பேச்சு எல்லாம் முடிந்தாக வேண்டும். இன்றோ உரத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் மாநகராட்சியிலும் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு தலைமுறை நம் நடுவே இருக்கிறது. கையில் காலம் இருக்கிறது. முழங்காலில் வலியும் இருக்கிறது. வலி முற்றிக் காலத்தை விழுங்குவதற்கு முன் இடையில் சில ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகளில் கணவனும் மனைவியுமாகச் சாலை வழியே, அவசரமின்றி, ஊர் ஊராய்த் தங்கிச் சொந்த ஊர் போய்ச் சேருவதைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இது நெடுநாளைய வழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதியர் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய வண்டியொன்றை வாங்குகின்றனர். ஆர்.வி. என்று அதனைச் சுருக்கமாய் அழைப்பார்கள். ஐயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வினிபாகோ நிறுவனத்தின் பெயரே இவ்வகை வண்டிகளுக்குப் பொதுப்பெயர் போல் வழங்கிய காலமும் உண்டு. அத்தம்பதியர் பெருநகரங்களை விட்டு விலகிப் புல்வெளிச் சமவெளியின் சிற்றூர்களுக்குச் செல்வதை விரும்புகின்றனர். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருப்புப்பாதையை ஒட்டி ஏறத்தாழ பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர் அமைந்தது. விவசாயி தன் கோதுமையைக் குதிரை வண்டியில் ஏற்றிக் காலையில் புறப்பட்டு, இறக்கிவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய தூரம் அது. லாரி வந்தது, கிளை இருப்புப்பாதைகள் மூடப்பட்டன, மரத்தாலான தானியக் கோபுரங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன, ஊர்களும் சுருங்கின. தபால் அலுவலகம், ஒரு ஆலயம், ஒரு காப்பிக் கடை என்று மிஞ்சியிருக்கும் அந்த ஊர்களில் வண்டியை நிறுத்தி, அங்குள்ள முதியவர்களோடு பேசிச் செல்வதே இவர்களுடைய உல்லாசம்.

எல்லாம் உல்லாசம் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஜெசிகா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017இல் வெளியிட்ட "நோமேட்லேண்ட்" என்னும் புத்தகம், 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வேறு வழியின்றி வண்டியையே வீடாக்கிக்கொண்ட முதியோரைப் பற்றியது. அறுபது எழுபது வயதில் பண்டகசாலைகளில் பருவகால வேலை செய்து, அடுத்த ஊருக்கு எரிபொருள் நிரப்பிச் செல்கிறவர்கள் அவர்கள். ஒரே சாலையில் ஒரே விதமான வண்டியில் செல்லும் இருவரில் ஒருவருக்கு அது விடுமுறை, மற்றவருக்கு அது தலைசாய்க்கும் இடம். பத்துக்குப் பதினைந்து அடி அறையில் எட்டுப் பேராய் வாழ்ந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

நம் நாட்டிலும் இவ்வகை வண்டிகளுக்கு வழி திறந்திருக்கிறது. கேரள அரசும் மகாராஷ்டிர அரசும் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கைகளை அறிவித்தன. கேரளத்தின் வாகமணில் 2022இல் கேரவன் பூங்கா ஒன்றும் திறக்கப்பட்டது. ஆனால் கேரவன் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டிதான்! வாடகையும் ஓய்வூதியத்துக்குள் அடங்குவதன்று. நமக்கு அது தேவையுமில்லை. ஓடும் நிலையிலுள்ள ஒரு சிறிய கார், இரவில் தங்க ஒரு சாதாரண லாட்ஜ், இவை போதும். காரில்லாதவர்களுக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்லுவோம்.

பணம் இருப்பவர்களுக்குத்தான் பிரயாணம் என்பவர்கள் கொச்சியின் விஜயன், மோகனா தம்பதியரை நினைத்துப் பார்க்கலாம். கொச்சி கடவந்திராவில் ஸ்ரீபாலாஜி காப்பி ஹவுஸ் என்னும் சிறிய தேநீர்க் கடையை நடத்தி வந்தவர்கள் அவர்கள். கடை வருமானத்தில் நாள்தோறும் ஒரு தொகையை எடுத்து வைப்பார்கள். குறைவுக்குக் கடன் வாங்குவார்கள். போய் வந்தபின் மீண்டும் தேநீர் ஆற்றி அந்தக் கடனை அடைப்பார்கள். 2007இல் முதல் வெளிநாட்டுப் பயணம் சென்ற அவர்கள் 26 நாடுகளைப் பார்த்தனர். 2021 அக்டோபரில் இரஷ்யா சென்று திரும்பினார்கள். அடுத்த மாதம் 19ஆம் தேதி விஜயன் தமது 71ஆம் வயதில் காலமானார். கடன் வாங்கிப் பிரயாணம் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்கத் துணியமாட்டேன். எனினும் அவர்கள் எப்போதும் இருவராய்ச் சேர்ந்தே சென்றார்கள் என்பது என் மனதைத் தொடுகிறது. நம் வீடுகளில் கணவன் ஷிப்டு வேலைக்கும், மனைவி குழாயடிக்கும் சமையலுக்கும் என்று நாற்பது ஆண்டுகள் ஓடியதில், இருவரும் அருகருகே அமர்ந்து ஒரு மணி நேரம் பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு தம்பதியும் நினைவுக்கு வருவார்கள். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிராமுக்கு வயது 75. சாராய் அவரிலும் பத்து வயது இளையவள். அக்காலத்து கேரவனாகிய கூடாரம் அவர்களிடம் இருந்தது.

புறப்படுமுன் தீர்க்க வேண்டியவை

பிள்ளைகளின் எதிர்ப்பு முதலாவது. "இந்த வயசுல எதுக்குப்பா கார்ல? பிளைட் டிக்கெட் போட்டுத் தர்றேன்" என்பான் மகன். அவன் அன்பினால் சொல்லுகிறான், கோபப்படலாகாது. ஆனால் பெற்றோரின் சரீரநிலையைப் பரிசோதித்துப் பார்த்து முடிவெடுப்பது ஒன்று, வயதைக் கேட்டவுடன் முடிவெடுப்பது வேறொன்று. நாற்பது வயதைக் கடந்தவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று தேவை. 55 வயதுக்குமேல் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படுகிறது. அந்தச் சான்றை ஒரு சடங்காக வாங்காமல் கண், காது, இருதயம், சர்க்கரை ஆகியவற்றை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்புரை இருந்தால் முதலில் அறுவை சிகிச்சை, பிறகே பிரயாணம். எதிர்வரும் வண்டியின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்கிறவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் ஓட்டவே கூடாது.

இரண்டாவது, தாராவியில் வசிப்போருக்குரியது. இது சிறிய காரியமன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிக்கிறவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிந்தியவர்களுக்கும் மேல்தளத்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளின்மேல் வீடு என்பது அறிவிக்கப்பட்ட விதி. வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த ஒரே சொத்து சில காகிதங்களில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அறையைப் பூட்டிவிட்டு மூன்று வாரம் ஊர் சுற்றப் போக எவருக்கு மனம் வரும்? ஆகவே, உங்கள் வீட்டின் நிலை என்னவென்று எழுத்துமூலம் உறுதியாகும் வரை அறையைப் பூட்டிப் போகாதீர்கள். மகனோ மகளோ தங்கியிருக்க, பழைய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவை அவர்கள் கையில் இருக்கட்டும். மூலப் பத்திரங்களைக் காரில் எடுத்துச் செல்வதைப்போன்ற மதியீனம் வேறில்லை.

மூன்றாவது செலவு. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு நாம் சொல்லப்போகும் வழி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரானால் 107 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாயைச் சுற்றி என்று வைத்துக்கொண்டால் பதினோராயிரம் ரூபாய். இரயிலோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். ஆயினும் அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமுமாய் இருந்த இரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபின் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்திற்கு 3,000 ரூபாயில் ஓராண்டு அல்லது 200 முறை செல்லத்தக்க பாஸ்டேக் வருடாந்திர அனுமதி 2025 ஆகஸ்ட் 15இல் அறிமுகமானது. மும்பை புனே விரைவுச்சாலை மாநிலத்துக்குரியதாகையால் அங்கே தனியே செலுத்த வேண்டும்.

எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பிற மாநிலங்களிலும் அது செல்லும். அட்டையை எடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

சகோதரிகள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரியத்தையும் இங்கே எழுதியாக வேண்டும். வழியில் சுத்தமான கழிப்பறை இராது என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடியாமல் பிரயாணம் செய்யும் தாய்மார் அநேகர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள உடலுக்கு இது மிகவும் கேடானது. நெடுஞ்சாலையில் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கழிப்பறை உண்டு. சில சுத்தமாகவும் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டியது ஓட்டுகிறவரின் கடமை. அவள் கேட்கும்வரை காத்திருக்கலாகாது. அவரும் அப்போது இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் காலில் இரத்தம் கட்டாது. இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் மருந்தைக் காரின் முன்பெட்டியில் வைத்து வெயிலில் விட்டுவிடாமல், குளிர்காக்கும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரிசல் வழியே

நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலம் உகந்தது. பெரும்பாலோர் கோலாப்பூர், பெல்காம் வழியாய்ச் செல்லும் 48ஆம் எண் நெடுஞ்சாலையையே பிடிப்பார்கள். நாமோ போகும்போது சோலாப்பூர், விஜயபுரா, ஹொசபேட்டை வழியைச் சொல்லுகிறோம். தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை, நெரிசல் குறைவு, நம் இரயில் பாதையின் கிட்டத்தில் ஓடி, பிறகு அதனைவிட்டு விலகும் வழி இது. ஒரு நாளுக்கு 200 முதல் 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இடையில் ஓரிரு நாள் ஓய்வும் சேர்த்துப் பத்து நாளில் ஊர் சேரலாம்.

செம்பூரிலிருந்து வாஷி, பன்வேல் வழியாய் விரைவுச்சாலை ஏறலாம். லோனாவாலாவில் எல்லாரும் சிக்கி வாங்குவார்கள். நீங்களும் ஒரு பொட்டலம் வாங்கிப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

புனேயைக் கடந்து சோலாப்பூர் சாலையில் சற்றேறக்குறைய அறுபது கிலோமீட்டர் சென்றால் கேட்காவ் என்னும் சிற்றூருக்குப் பிரியும் பாதை வரும். பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் இருக்கும் இடம் அது. ரமாபாயின் கதையே ஒரு சாலைக் கதை. சிறுமியாய்ப் பெற்றோரோடு தேசமெங்கும் கால்நடையாய்ச் சுற்றியவர். 1874இல் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்தவர். அதன்பின்னும் தமையனோடு நடந்தே 1878இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தவர். 1889இல் மும்பையில் விதவைகளுக்கென்று சாரதா சதனத்தைத் தொடங்கி, பின்பு புனேக்கும் இறுதியில் கேட்காவுக்கும் வந்தார். 1896, 97ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் கைவிடப்பட்ட பெண்களை நூற்றுக்கணக்கில் அழைத்துவந்து காப்பாற்றினார். 1905இல் அங்கு உண்டான எழுப்புதலை நம் சபைகளில் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். பஞ்சத்தில் பிழைத்த பெண்களுக்கு அச்சுக்கோக்கவும் நெய்யவும் பயிரிடவும் கற்றுக்கொடுத்து, அவர்களைச் சொந்தக் காலில் நிறுத்தியதை அவ்வளவாய்க் கேட்டதில்லை. 1922 ஏப்ரல் 5இல் அவர் மரித்தார். முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செல்வது மரியாதை.

அதே சாலையில் அடுத்து பிக்வான். பீமா ஆற்றின் உஜனி அணையின் நீர் பரந்து கிடக்கும் கரையோர ஊர். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நீரில் நிற்கும். மும்பையின் சிவ்ரி, தாணே கழிமுகங்களில் அவற்றைத் தூரத்திலிருந்து கண்டவர்கள் இங்கே படகிலேறிச் சற்று அருகில் காணலாம். ஆஷாட மாதத்தில், அதாவது ஜூன் ஜூலையில், பண்டரிபுரத்துக்குப் பல்லக்கோடு நடந்து செல்லும் இலட்சக்கணக்கான ஜனங்களால் இச்சாலையின் சில பகுதிகள் நிறைந்துவிடும். அந்நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

சோலாப்பூர் நமக்குப் போர்வையின் பெயராய் மட்டும் தெரிந்த ஊர். அந்தப் போர்வையை நெய்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு பேசும் பத்மசாலியர் என்பதைப் பலர் அறியார். தறியைத் தேடித் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் மராத்தி. தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்து தங்கிய நம் முன்னோரை நினைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்தால், அந்நியமான ஊராகத் தோன்றாது. நிலக்கடலைச் சட்னிப்பொடியும் கடக்கென்று முறியும் சோள ரொட்டியும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

பீமா ஆற்றைக் கடந்தவுடன் கர்நாடகம். இங்கிருந்துதான் நிலம் விரிகிறது. மலையில்லை, தோப்பில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த மண். செப்டம்பர் அக்டோபரில் விதைத்த சோளம் டிசம்பரில் ஆளுயரம் நின்று, பிப்ரவரி மார்ச்சில் அறுவடையாகும். மழை முடிந்தபின் மண்ணில் தங்கிய ஈரத்தை மட்டும் குடித்து வளரும் பயிர் அது. அமெரிக்கத் தம்பதியர் தேடிப் போகும் புல்வெளிச் சமவெளிக்கு நம் தேசத்தில் ஒப்பானது ஒன்று உண்டென்றால் இதுவே. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர்களுக்கு இந்தப் பகுதியில் ஒரு திடுக்கிடுதல் காத்திருக்கிறது. வெடித்துக் கிடக்கும் அந்த மண் நம் ஊர்க் கரிசலேதான். அதே பருத்தி, அதே சோளம், வண்டித்தடத்தில் அதே பிசுபிசுப்பு. பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் வந்துவிட்டோம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அந்த மண் பாதித் தூரம் எதிர்கொண்டு வந்து நிற்பதுபோல் இருக்கும்.

பீஜப்பூர் என்று நாம் அறிந்த விஜயபுராவில் ஒரு நாள் முழுவதும் தங்குங்கள். 1656இல் மரித்த முகமது அடில் ஷாவின் கல்லறையாகிய கோல் கும்பஸ் அங்கே இருக்கிறது. அதன் மேல்மாடத்தில் ஒருவர் சுவரோரம் மெல்லப் பேசினால் எதிர்ப்புறம் நிற்பவருக்குக் கேட்கும். குவிமாடத்தின் வெளிவிட்டம் 44 மீட்டர். மேலே ஏற நெருக்கமான உயரமான படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறாமல் தோட்டத்தில் அமர்ந்திருப்பதே உத்தமம். ஒருவர் மேலே போக மற்றவர் கீழே காத்திருப்பதில் தாழ்ச்சியொன்றுமில்லை.

விஜயபுராவிலிருந்து ஹொசபேட்டை வரை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் கிருஷ்ணா நதி. ஆலமட்டி அணைக்கு லால் பகதூர் சாஸ்திரி 1964இல் அடிக்கல் நாட்டினார். அப்பால் இல்கல். உடலைத் தனியாகவும் முந்தானையைத் தனியாகவும் பாவு பூட்டி, இரண்டையும் கண்ணிகண்ணியாய் இணைத்து நெய்யும் சேலை இவ்வூருக்கே உரியது. செம்மை கலந்த கிரானைட் கல்லும் இங்கே வெட்டப்படுகிறது. தறிச் சத்தம் கேட்கும் தெருவில் காரை நிறுத்திவிட்டு இறங்கினால், கடைக்காரரின் விலையும் நெய்கிறவரின் கூலியும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பதை நேரில் கேட்டறியலாம். மனைவிக்குச் சேலை எடுப்பதாயின் இங்கே எடுங்கள். தாதர் கடைகளில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு நாள் ஓட்டத்தில் சரித்திரத்தின் ஒரு விசித்திரம் அடங்கியிருக்கிறது. 1565ஆம் ஆண்டு தாலிக்கோட்டைப் போரில் பீஜப்பூர் முதலிய சுல்தான்கள் ஒன்றுகூடி விஜயநகரத்தை வீழ்த்தினர். வென்றவர்களின் தலைநகரில் காலையில் புறப்பட்டு, தோற்றவர்களின் தலைநகராகிய ஹம்பிக்கு அருகில் மாலையில் வந்து இறங்குகிறீர்கள். இரண்டும் இன்று அனுமதிச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இடிபாடுகள். ஹம்பி பெரிது, ஒரு நாளில் முடியாது. வெயிலுக்கு முன் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் போதும்.

ஹொசபேட்டையில் துங்கபத்திரை அணை. 1953இல் முடிந்த இந்த அணைக்கு 33 மதகுகள். 2024 ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு 19ஆம் மதகின் சங்கிலி அறுந்து கதவு அடித்துச் செல்லப்பட்டது. அணை நிறைந்திருந்த நேரம். பெருகி ஓடும் வெள்ளத்தின் நடுவிலேயே இரும்புத் தடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாய் இறக்கி ஒரு வாரத்துக்குள் அதை அடைத்தார்கள். அந்த இரும்பை இறக்கியவர்களைப் போன்ற கிரேன் ஓட்டிகளும் வெல்டர்களும் பிட்டர்களும் நம் சபைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்கள் அங்கே நின்று பார்க்கும் பார்வை வேறுவிதமாயிருக்கும்.

சித்ரதுர்காவில் ஏழு சுற்றுக் கோட்டையும் மலைமேல் சுழலும் காற்றாலைகளும் உண்டு. நம் கயத்தாற்றுக்காரர்களுக்கு அவை புதிதல்ல. அடுத்த ஹிரியூரில் நெடுஞ்சாலையை விட்டுச் சிறிது விலகினால் 1907இல் கட்டி முடிக்கப்பட்ட வாணிவிலாச சாகரம். 1933இல் நிரம்பிய இந்த ஏரி, அதற்குப்பின் 89 ஆண்டுகள் நிரம்பாமலேயே இருந்து, 2022இல் வழிந்தோடியது. சுற்றுவட்டாரத்து முதியவர்கள் பேரப்பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்களாம். அவர்களிலும் அநேகர் அதற்குமுன் அதனைக் கண்டதில்லை.

பெங்களூரு நகருக்குள் நுழையாமல் புறவழிச் சாலையில் கடந்து ஓசூர், கிருஷ்ணகிரி. பெயர்ப்பலகைகள் தமிழுக்கு மாறும்போது உள்ளத்தில் உண்டாகும் அசைவை நான் விவரிக்கப்போவதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும்போது தொப்பூர்க் கணவாய் இறக்கம் வரும். லாரிகள் பிரேக் பிடியாமல் மோதி நேரிட்ட விபத்துகள் பல. குறைந்த கியரில், முன்செல்லும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டு இறங்க வேண்டும். ஊர் வந்துவிட்டது என்ற அவசரம் பிறக்கும் இடமும் இதுவே. இங்கேதான் அதிக ஜாக்கிரதை தேவை. கரூரிலோ திண்டுக்கல்லிலோ ஒரு இரவு தங்கி, மதுரையைக் கடந்து, சாத்தூரில் காராச்சேவு வாங்கி, கோவில்பட்டியில் இறங்குங்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயை ஒரு கையிலும், பிரிக்காமல் வைத்திருந்த லோனாவாலா சிக்கியை மறு கையிலும் வைத்து ருசி பாருங்கள். இரண்டும் கடலையும் வெல்லமும்தான். எது மேல் என்று கணவனும் மனைவியும் ஒருமனப்படுவது கடினம்.

காரில்லாதவர்கள் இதே வழியை அரசுப் பேருந்துகளில் துண்டு துண்டாய்ச் செல்லலாம். மகாராஷ்டிர மாநிலப் பேருந்துகளில் 75 வயது நிறைந்தவர்களுக்கு 2022 ஆகஸ்ட் முதல் கட்டணமில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 2023 மார்ச் முதல் எல்லா வயதுப் பெண்களுக்கும் பாதிக் கட்டணம். சோலாப்பூர் வரை இவ்வாறு சொற்பச் செலவில் போய்விடலாம்.  ஒரு பை, ஒரு தண்ணீர்க் குப்பி, ஒரு குடை. அதற்குமேல் சுமை வேண்டாம்.

இத்தகைய பிரயாணத்தில் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை முன்னமே அறிந்திருப்பது நல்லது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இருபுறமும் சோளம் நிற்கும் ஒரு நேர்ச்சாலையில், "இனி எங்கே இருப்பது?" என்ற கேள்வி வரும். அவருக்கு ஊரிலுள்ள வீட்டைப் பழுதுபார்த்துக் குடியேற ஆசை. அவளுக்கோ பேரப்பிள்ளைகளும், சபையும், நாற்பது ஆண்டு பழகிய அண்டை வீட்டாரும், காலடியில் சயான் மருத்துவமனையும் இருக்கும் மும்பையை விட மனமில்லை. ஊரில் அவள் மருமகள். மும்பையில் அவள் வீட்டுத்தலைவி. இந்த வித்தியாசத்தை ஆண்கள் எளிதில் காண்பதில்லை. வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் யாராவது குறுக்கே வருவார்கள், இல்லையேல் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். காரில் அதற்கு வழியில்லை. இரண்டுபேரும் முன்னே பார்த்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரே பிரயாணத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று நெருக்க வேண்டாம். ஊரில் ஒரு மாதம் தங்கிப் பார்த்து, இரவில் மூச்சுத்திணறினால் எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம், யார் அழைத்துச் செல்வார் என்பதையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள்.

ஓய்வூதியம் பெறுகிறவர்கள் நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுப்பதற்காக மும்பையில் காத்திருக்க வேண்டியதில்லை. 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில் எந்த ஊரிலிருந்தும் அதனைக் கொடுக்கலாம். முகத்தைக் காட்டியே பதிவுசெய்யும் வசதியும் கைபேசியில் வந்துவிட்டது.

திரும்பும்போது மற்ற வழியில் வாருங்கள். தாவணகெரேயில் வெண்ணெய்த் தோசை, பியாட்கியில் மிளகாய், தார்வாட்டில் பேடா, கோலாப்பூரில் வெல்லமும் செருப்பும் என்று அந்த வழிக்கும் தனிக் கட்டுரை எழுதலாம். கடைசி நாள் சாத்தாராவிலோ புனேயிலோ விடியற்காலத்தில் புறப்பட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு முன் பன்வேலைத் தாண்டிவிடுங்கள். அதற்குமேல் தாமதித்தால் பன்வேலிலிருந்து செம்பூர் வரையுள்ள சாலையில், விஜயபுராச் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடிய நேரம் போய்விடும்.